கழுகுக்குக் கண் வைத்தியம்

கட்டட சைட்டில் அவருக்குக் கழுகு என்று பெயர். யார் வைத்தது என்று விசாரித்தால் ஆளுக்கொருவரைக் கைகாட்டுவார்கள். அவரே வைத்துக்கொண்டு மற்றவர்களைக் கூப்பிடப் பழக்கினார் என்பதுதான் உண்மைக்குக் கொஞ்சம் பக்கத்தில் இருக்கும். பதினேழு வருடமாக டவர் கிரேன் ஓட்டுகிறவர். பதினான்கு மாடி உயரத்தில், ஆள் உட்கார்ந்தால் சாப்பாட்டு டப்பாவுக்கு இடமில்லாத கண்ணாடிக் கேபினுக்குள் இருந்துகொண்டு, கீழே நிற்கிற சிக்னல்மேன் விரலை மடக்குகிறாரா நீட்டுகிறாரா என்று சொல்லிவிடுவார். எந்த எஞ்சினியர் வேலை நேரத்தில் தூங்கினார், எந்த மேஸ்திரி யாரைப் பார்த்து முகத்தைச் சுளித்தார் என்பதெல்லாம் சாயங்காலம் அவர் ஏணி இறங்கி வந்த பிறகுதான் சைட்டுக்கே தெரியும்.

அந்தக் கழுகுதான் மூன்று மாதமாகப் பஸ்ஸில் ஏற மாட்டேன் என்கிறது. காரணம் கேட்டால் கூட்டம் என்று சொல்லிவைத்திருந்தார். கூட்டம் அவரை ஒன்றும் செய்யவில்லை. கைகள்தான். மேல்கம்பியைப் பிடித்தபடி வரிசையாக நிற்கிறார்களே, அத்தனை பேர் கையும் மூடியிருக்கிறது. அவர்கள் சைட்டில் தலைக்கு மேல் மூடிய கை என்றால் நிறுத்து என்று அர்த்தம். முப்பது பேர் ஒரே நேரத்தில் நிறுத்து, நிறுத்து என்றால் மனிதன் எதைப் போய் நிறுத்துவான்? நெஞ்சு படபடக்கும், உள்ளங்கை வேர்க்கும். அடுத்த நிறுத்தத்தில் இறங்கி மீதித் தூரத்தை நடப்பார். வீட்டில் மனைவி பையைத் தூக்கிப் பிடித்து இதை எங்கே வைப்பது என்று கேட்டால்கூட முகம் வெளுத்துவிடும்.

நடந்தது இதுதான். அன்றைக்கு இரண்டு கிரேன்களின் வாக்கிடாக்கியும் ஒன்றுக்குள் ஒன்று பேசிக் குழப்பியதால் கைச்சைகையில் வேலை நடந்தது. சிக்னல்மேன் அவருடைய சொந்த மச்சான், மனைவியின் அண்ணன். கம்பிக்கட்டு ஒன்றை அவர் நின்ற ஐந்தாவது மாடித் தளத்தில் இறக்க வேண்டும். இறங்கிக்கொண்டிருந்தது. மச்சானின் கை மேலே போனது, மூடியது. கழுகு பார்த்தார். நன்றாகவே பார்த்தார். மச்சான் எப்போதுமே ரொம்ப முன்னால் கையை மூடுகிற பயந்தாங்கொள்ளி, இன்னும் கொஞ்சம் இறக்கலாம் என்று நினைத்தார். பதினேழு வருடக் கண் அப்படித்தான் நினைக்கும். லீவர் இன்னும் இரண்டு நொடி முன்னால் போனது. கம்பிக்கட்டின் வால் சாரத்தில் இடித்தது, சாரம் மடங்கியது, அதில் நின்ற பெயின்டர் பலகையோடு ஒரு மாடி கீழே போய் விழுந்தார். இடுப்பும் கையும் முறிந்தன. உயிர் பிழைத்தார், இப்போது கம்பூன்றி நடக்கிறார். மேலே இருந்த கழுகுக்கு ஆள் தெரியவில்லை. மஞ்சள் ஹெல்மெட் ஒன்று தனியாக உருண்டு போய்ச் சிமெண்ட் மூட்டையில் முட்டி நின்றது, அது மட்டும் தெரிந்தது.

விசாரணைக் குழு என்று ஐந்து பேர் ஏ.சி. அறையில் உட்கார்ந்திருந்தார்கள். ஐந்து பேருக்கும் சேர்த்து ஒரு கேள்விதான் இருந்தது: சிக்னல் வந்ததா? தெரியவில்லை என்று சொல்வதாகத்தான் கழுகு நினைத்துக்கொண்டு போனார். வாய், "வரலை சார்" என்றது. கழுகுக்கு வரவில்லை என்றால் வரவில்லை என்று குழு எழுதிக்கொண்டது. அப்புறம் பிஸ்கட் வந்தது. மச்சானுடைய சிக்னல் அட்டையை வாங்கி வைத்துக்கொண்டார்கள். அட்டை இல்லாதவரை எந்த சைட்டும் கேட்டுக்குள் விடாது. மச்சான் ஒருமுறை வீடு தேடி வந்து, தான் கையை மூடினேன் என்றார். தங்கச்சிக்காரி கதவைப் பாதி திறந்தபடியே, இவர் கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் நீ காட்டவில்லை என்றுதான் அர்த்தம் என்று சொல்லி அனுப்பிவிட்டாள். அதோடு அண்ணன் தங்கை பேச்சு நின்றது. கழுகு அப்போது உள்ளறையில் சட்டைப் பொத்தான் அறுந்துபோனதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். சட்டையில் எல்லாப் பொத்தானும் இருந்தது.

கம்பெனிக்குக் கழுகு மேலே ஏற வேண்டும். புதிய கட்டடத்துக்கு முதல் தூண் நிறுத்துகிற விழா நெருங்கிக்கொண்டிருந்தது. அவரோ ஏணியில் ஏழாவது படியைத் தாண்டுவதில்லை. இதற்கென்றே கம்பெனியில் ஒரு அதிகாரி இருந்தார். மனநலப் பயண ஒருங்கிணைப்பாளர் என்று அவர் கதவில் எழுதியிருக்கும். அதற்கு முன்னால் கேன்டீன் டோக்கன் பிரிவில் இருந்தவர். இரண்டு நாள் பயிற்சிக்குப் போய்த் திரும்பியபோது கழுத்தில் ஓர் அட்டையும் பேச்சில் ஒரு நிதானமும் ஏறியிருந்தன. ஆட்கள் அவரைச் சுருக்கமாகப் பயணம் என்பார்கள்.

கண்ணை இடவலமாக ஓடவைத்து மனதிலுள்ள பயத்தைக் கரைக்கிற கண்ணசைவு சிகிச்சையைக் கம்பெனிக்குக் கொண்டுவந்தது பயணம்தான். கேன்டீனில் நூற்றிருபது பேரை உட்காரவைத்து, தான் ஸ்டூல்மேல் ஏறி நின்று, ஒரு நீளமான டியூப்லைட்டை இடமும் வலமுமாக ஆட்டினார். நூற்றிருபது தலையும் பந்து விளையாட்டு பார்ப்பதுபோல இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போயின. முன்வரிசையில் இரண்டு பேருக்குத் தலை சுற்றியது. ஒரு எலக்ட்ரீஷியன் மட்டும், கண்ணை எடுக்காமல், அந்த டியூப் எரியாத டியூப் என்றான். பயனடைந்தோர் நூற்றிருபது என்று பயணம் அறிக்கை அனுப்பினார்.

கழுகு விஷயத்தில் அவருக்கே டியூப்லைட்டில் நம்பிக்கை வரவில்லை போலிருக்கிறது. அந்தச் சிகிச்சையை முறையாகப் படித்த ஒரு அம்மாவிடம் அனுப்பினார். அங்கேயிருந்து கடிதம் வந்தால்தான் கேபினுக்கு அனுமதி. கழுகுக்கு அன்றைக்குப் பிடித்தது புதிய பயம். கண்ணை ஆட்டி ஆட்டி மனதின் மூடியைத் திறந்துவிடுவார்கள், கண் பார்த்ததையெல்லாம் வாய் கொட்டிவிடும் என்று அவராகவே முடிவு கட்டிக்கொண்டார். இரண்டு ராத்திரி யோசித்து ஒரு வழியும் கண்டுபிடித்தார். கம்பிக்கட்டுக்குப் பதிலாக வேறொரு பயத்தைக் கொண்டுபோய்க் கொடுப்பது. அவரிடம் உபரியாக ஒன்று இருந்தது: எட்டு வயதில் கெண்டைக்காலைக் கடித்த ஒரு பழுப்பு நாய். ஐம்பதை நெருங்கியும் நாயைப் பார்த்தால் தெருவின் அந்தப் பக்கம் போகிறவர்தான்.

அறை செருப்புக்கடையின் மாடியில் இருந்தது. இரண்டு நாற்காலிகள், எதிரும் புதிருமாக இல்லாமல் ஒன்றின் தோளை ஒன்று தாண்டிப் போவதுபோலப் போட்டிருந்தன. ஒரு மேஜை, காகிதக் கைக்குட்டைப் பெட்டி, சத்தமில்லாத கடிகாரம். சுவரில் பொன்மொழி எதுவும் இல்லை. அதுவே கழுகுக்குச் சந்தேகமாக இருந்தது. அந்த அம்மாவுக்கு ஜலதோஷம். பெட்டியில் பாதியை அவரே தீர்த்துக்கொண்டிருந்தார். டாக்டர் என்று கூப்பிட்டதற்கு, தான் டாக்டர் இல்லை, அந்த ஒரு வார்த்தையைத் தவிர எப்படி வேண்டுமானாலும் கூப்பிடலாம் என்றார். மேடம் என்று முடிவாயிற்று.

மேடம் கேட்ட கேள்விகள் எளிமையானவை. எந்தக் காட்சி கஷ்டம் தருகிறது, அதை நினைத்தால் உங்களைப் பற்றி உங்களுக்கு என்ன தோன்றுகிறது, பூஜ்யத்திலிருந்து பத்து வரை கஷ்டம் எவ்வளவு, உடம்பில் எங்கே. கழுகு தயாராகக் கொண்டுவந்த நாயை எடுத்து வைத்தார். சந்தேகம் வரக்கூடாதென்று எண்ணைக் கொஞ்சம் தூக்கி எட்டு என்றார். மேடம் இரண்டு விரலை அவர் முகத்துக்கு முன்னால் இடமும் வலமுமாக நகர்த்தினார். தலையைத் திருப்பாமல் கண்ணால் மட்டும் தொடரச் சொன்னார்.

சில நொடியிலேயே நிறுத்திவிட்டு, கை என்ன செய்கிறது என்று கேட்டார். கழுகு குனிந்து பார்த்தார். வலது கை நாற்காலிப் பிடியைப் பற்றி, மேடத்தின் விரல் போன பக்கமெல்லாம் லீவர் தள்ளிக்கொண்டிருந்தது. பதினேழு வருடமாக ஒரு கையைப் பார்த்தால் எதையாவது தூக்கியே பழகியவர். அந்த நேரத்துக்கு அவர் மனதில் நாயும் இல்லை, ஒன்றும் இல்லை. அந்த இரண்டு விரலின் கீழே தொங்குகிற லோடு இடித்துவிடக் கூடாதே என்ற கவலை மட்டும்தான் இருந்தது. மேடம் அவர் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து உட்காரச் சொன்னார். அத்தனை உயரத்தில் கிரேன் ஓட்டியவர் பள்ளிக்கூடப் பையன்போல உட்கார்ந்தார்.

அப்புறம்தான் எதிர்பாராதது நடந்தது. விரல் போய் வந்தது. முப்பது தரம் இருக்கும். என்ன வருகிறது என்றார் மேடம். நாயின் மூச்சு நாற்றம் வருகிறது என்றார் கழுகு, தன் வாயையே நம்பாமல். அதோடு இருங்கள் என்றார். மறுபடி விரல். பால் சிந்திய பாத்திரம் வந்தது. பாலைக் கொட்டியதற்கு அடித்த அப்பா வந்தார், கடிபட்ட காலைப் பார்க்காமல் பாத்திரத்தைப் பார்த்த அப்பா. கழுகு காகிதப் பெட்டியில் மீதிப் பாதியைத் தீர்த்தார். நடிப்பதற்காக வந்தவருக்கு நடிக்க வேண்டிய அவசியமே வரவில்லை. மூன்றாவது வாரம் நாய் பூஜ்யத்துக்கு வந்துவிட்டது. தையல் கடை வாசலில் படுத்திருக்கும் நாயைத் தாண்டி அவர் நேராக நடந்துபோனதை மனைவி மாடியிலிருந்து பார்த்தாள்.

"ஏங்க, அந்த மேடம் பெரிய ஆள்தான் போலிருக்கு," என்றாள். "அப்ப இன்னும் ஏன் பஸ்ஸுக்குப் போகாம நடக்கறீங்க?"

கழுகு உடற்பயிற்சி என்றார்.

மேடமும் லேசுப்பட்டவர் இல்லை. நாய் போய்விட்டது, ஆனால் நான் மூக்குச் சிந்தக் கையை மூடும்போதெல்லாம் நீங்கள் ஜன்னலைப் பார்க்கிறீர்கள், அது நாயில்லையே என்றார். கழுகு மறுபடி ஜன்னலைப் பார்த்தார். சொல்ல விருப்பமில்லாததைப் பிடுங்குவது தன் வேலை இல்லை என்று சொல்லிவிட்டு, தான் எடுத்துக்கொண்ட விஷயத்தில் இவர் முழுமையாகத் தேறியிருக்கிறார் என்று ஒரு வரிக் கடிதம் கொடுத்தார் மேடம். என்ன விஷயம் என்று பயணம் கேட்கவில்லை. முழுமையாக என்ற சொல்லுக்கு மஞ்சள் கோடு போட்டு, கழுகின் போட்டோவோடு அறிவிப்புப் பலகையில் ஒட்டினார். நாய்க்கடிக்குக் கொடுத்த கடிதத்தில் கழுகு பதினான்கு மாடி ஏறப்போகிறார் என்று கழுகுக்கு மட்டும்தான் தெரியும்.

விழாவன்று கீழே நாற்காலிகள் போட்டிருந்தார்கள். போட்டோ நன்றாக வர வேண்டும் என்பதற்காகப் பயணம் விருந்தினர் வரிசையைத் தூண் இறங்கும் இடத்துக்கு இன்னும் பக்கத்தில் தள்ளச் சொன்னார். தூணுக்குப் பெரிய ரிப்பன் கட்டியிருந்தது. கழுகு ஏறினார். ஏழாவது படியில் கால் நின்றது. கீழே பாதுகாப்பு மேனேஜர் கைதட்டினார். கைதட்டலுக்குப் பயந்தே மீதி ஏணியையும் ஏறி முடித்தார். கேபினில் உட்கார்ந்ததும் கண்ணாடி மூச்சில் மங்கியது. சட்டைக் கையால் துடைத்தார். மறுபடி மங்கியது.

புதிய சிக்னல்மேன் வேறொரு சைட்டிலிருந்து வந்த, காதோரம் நரைத்த மனிதர். தூண் எழும்பியது. திரும்பியது. நாற்காலி வரிசையின் தலைக்கு மேலே வந்தபோது போட்டோக்காரர் ஏதோ கேட்டிருக்கிறார் போலிருக்கிறது, சிக்னல்மேன் கையை உயர்த்தி மூடினார். கழுகு நிறுத்தினார். உடனே நிறுத்தினார், ஒரு நொடியில் பாதிகூடத் தாமதமில்லை. நிறுத்தியவர் அதற்குப் பிறகு நகரவில்லை.

சிக்னல்மேன் கையைத் திறந்தார், தள்ளு என்று காட்டினார். கழுகின் கண்ணுக்கு அந்தக் கை மூடியே இருந்தது. வலது கை லீவரில் ஒட்டிக்கொண்டது. கீழே எங்காவது மஞ்சளாக ஒன்று உருள்கிறதா என்று தேடினார். காற்றில் தூண் மெதுவாக ஆடியது, ரிப்பன் அதைவிட அதிகமாக ஆடியது. விருந்தினர்களில் ஒருவர் அண்ணாந்து பார்த்தார். அப்புறம் எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள். அப்புறம் நாற்காலிகள் விழுந்தன. மேனேஜர் கையை ஆட்டிக் கத்தினார், எஞ்சினியர்கள் கையை ஆட்டினார்கள், பயணம் மைக்கைப் பிடித்த கையையே ஆட்டினார். எல்லாக் கையும் மூடிய கை.

இருபது நிமிடம். அவசரப்படாதவர் ஒருவர்தான். சிக்னல்மேன் எல்லாரையும் பின்னால் தள்ளிவிட்டு, கையுறையைக் கழற்றிக் கீழே போட்டு, வெறும் உள்ளங்கையை விரித்துக் காட்டியபடி வெயிலில் சும்மா நின்றார். தள்ளு என்றும் சொல்லவில்லை, இறக்கு என்றும் சொல்லவில்லை. கழுகு அந்த உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டே தன் விரலை ஒவ்வொன்றாக லீவரிலிருந்து பிரித்தார். தூணை ஆளில்லாத பக்கமாகத் திருப்பி, மண்ணில் இறக்கினார். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நீங்கள் இப்போது பார்த்தது எங்கள் அவசரகாலப் பாதுகாப்பு ஒத்திகை என்று பயணம் மைக்கில் அறிவித்தார். தூரத்தில் நின்ற விருந்தினர்கள் கைதட்டினார்கள்.

மறுநாள் காலை செருப்புக்கடையின் ஷட்டர் திறக்கும் முன்பே கழுகு மேடத்தின் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். உள்ளே போனதும் அவராகவே கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார். எந்தக் காட்சி என்று மேடம் கேட்டார். ஹெல்மெட் என்று ஆரம்பித்தவர் நிறுத்தினார்.

"ஹெல்மெட் இல்லை மேடம். அதுக்கு ரெண்டு நொடி முன்னால. கை மூடிச்சு. நான் பார்த்தேன்."

இத்தனை மாதமாக எந்த மனிதரிடமும் சொல்லாத சொல். கூரை இடிந்து விழும் என்று நினைத்தார். கீழே செருப்புக்கடையில் யாரோ ஒன்பதாம் நம்பர் இருக்கிறதா என்று கேட்டார்கள். மேடம் முகத்தில் ஆச்சரியமும் இல்லை, தீர்ப்பும் இல்லை. எண் கேட்டார். பத்து என்றார் கழுகு. பத்துக்கு மேலே இல்லையா என்றும் கேட்டார்.

அன்றைக்கும் அதற்கடுத்த இரண்டு தடவையும் விரல் போய் வந்தது. மூடிய கை வந்தது. பயந்தாங்கொள்ளி என்று மனதுக்குள் சிரித்த சிரிப்பு வந்தது. சாரம் மடங்கியது. ஹெல்மெட் உருண்டது, ஒரு தடவை சிமெண்ட் மூட்டை வரைக்கும் போகாமல் வழியிலேயே நின்றது. பொத்தான் எல்லாம் இருந்த சட்டை வந்தது. பத்து எட்டாகி, ஆறாகி, நாலில் வந்து நின்றது. பஸ்ஸில் ஏறிப் பார்த்தார். கைகள் வெறும் கைகளாக இருந்தன. ஆனால் அந்த நாலு அசையவில்லை. இதற்கு இன்னும் எத்தனை தடவை வர வேண்டும் என்று கேட்டார்.

"பயம் போற வரைக்கும் போயிடுச்சு," என்றார் மேடம். "மிச்சம் இருக்கிறது பயம் இல்லை. நீங்க ஒருத்தர்கிட்டேர்ந்து ஒண்ணை எடுத்து வச்சிருக்கீங்க. அவர் இங்க இல்லையே. என் விரல் அவ்வளவு தூரம் எட்டாது." இந்த அறையில் பேசியதை யாரிடமும் தான் சொல்லப்போவதில்லை என்றும், போவதா வேண்டாமா என்பது கழுகின் பாடு என்றும் சேர்த்துச் சொல்லிவிட்டு மூக்கைச் சிந்தினார்.

கழுகு நேரே ஆபீசுக்குப் போனார். பாதுகாப்பு மேனேஜரும் பயணமும் இருந்தார்கள். சிக்னல் வந்தது, பார்த்தேன், நிறுத்தவில்லை, விசாரணையில் பொய் சொன்னேன் என்று நின்றுகொண்டே சொன்னார். உட்கார்ந்தால் திரும்பிப் போய்விடுவோம் என்று பயம். மேனேஜர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பயணம் எழுந்து வந்து தோளில் கை வைத்தார். குற்ற உணர்ச்சி என்பது ஒரு அறிகுறி என்று விளக்கினார். நீங்கள் பார்க்கவில்லை, பார்த்ததாகத் தோன்றுகிறது, சிகிச்சையின் நடுவில் இப்படி வரும், இதற்குப் பெயரே இருக்கிறது என்று ஃபைலில் அந்தப் பெயரைத் தேடினார். கிடைக்கவில்லை. அறிக்கை மூடியாயிற்று, ஐந்து பேர் கையெழுத்து போட்டிருக்கிறார்கள் என்றார் மேனேஜர், ஐந்தில் ஒன்று தன்னுடையது என்பதைச் சொல்லாமல். இன்னும் ஆறு தடவை சிகிச்சைக்கு ஏற்பாடு செய்வதாகவும் அதுவரை சம்பளத்தோடு ஓய்வெடுக்கலாம் என்றும் இருவரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

ஒரு நொடி கழுகுக்கு அந்த ஓய்வு நல்லதாகக்கூடத் தெரிந்தது. அறிகுறி என்று வைத்துக்கொண்டால் போயிற்று, மச்சான் காட்டவில்லை, தான் கழுகு. மறு நொடி வெளியே போய் அறிவிப்புப் பலகையிலிருந்து கடிதத்தைக் குண்டூசியோடு பிய்த்துக்கொண்டு வந்து மேஜையில் வைத்தார்.

"மஞ்சள் கோடு நீங்க போட்டது சார். நான் குணமான ஆளா, குணமாகாத ஆளா? குணமாகலைன்னா அன்னிக்கு அத்தனை பேர் தலைக்கு மேல என்னை யார் ஏத்தினது?"

பயணம் மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் பயணத்தைப் பார்த்தார். இரண்டு பதிலில் எதைச் சொன்னாலும் யாராவது ஒருவர் இன்னொரு விசாரணைக் குழுவுக்கு முன்னால் உட்கார வேண்டியிருக்கும், இந்தத் தடவை பிஸ்கட் வராத பக்கத்தில். வெள்ளைத்தாள் கொடுத்தார்கள். கழுகு தன் கைப்பட எழுதினார், நகலில் முத்திரை வாங்கினார், தன் கிரேன் அட்டையை அவர்கள் கேட்பதற்கு முன்னால் எடுத்து வைத்தார். கேபின் சாவியையும் வைத்துவிட்டு வந்தார்.

வீட்டில் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். எழுதியதைப் படித்துக் காட்டினார். அவள் மடித்த துணியை மறுபடி பிரித்தாள், மறுபடி மடித்தாள். கதவைப் பாதி திறந்து தான் சொல்லி அனுப்பியது அவள் முகத்தில் வந்து போனதைக் கழுகு பார்த்தார். திட்டுவாள், அழுவாள் என்று காத்திருந்தார்.

"எங்க அண்ணன்கிட்ட சொல்லிட்டீங்களா?"

இல்லை என்றார்.

"அப்ப இங்க ஏன் உட்கார்ந்திருக்கீங்க?"

மச்சான் ஒரு மருத்துவமனை வாசலில் வண்டிகளை வரிசையாக நிறுத்தச் சொல்லும் வேலையில் இருக்கிறார் என்று அவளுக்கு எப்படியோ தெரிந்திருந்தது. கழுகு பஸ் பிடித்துப் போனார். கேட்டிலிருந்தே மச்சானைப் பார்த்துவிட்டார். இரண்டு அளவு பெரிய பச்சைச் சட்டை போட்டிருந்தார். ஒரு கார் பின்னால் வந்தது. மச்சான் கையை உயர்த்தி மூடினார், கார் நின்றது. உடனே மச்சான் தன் கையைத் திருப்பி ஒரு தரம் பார்த்துக்கொண்டார். அடுத்த காருக்கும் அப்படியே. கை மூடியிருக்கிறதா என்று தானே சரிபார்க்கிறார். கழுகு, திரும்பிப் போய்விடலாமா என்று நினைத்த கால்களைத் தள்ளிக்கொண்டு போய் எதிரே நின்று, நலம் விசாரிக்காமல், ஆபீசில் சொன்னதையே இங்கும் சொன்னார். முத்திரை வைத்த நகலை நீட்டினார்.

மச்சான் தாளை வாங்கவில்லை. அடிப்பார் என்று எதிர்பார்த்திருந்த கழுகு தோளை ஒடுக்கிக்கொண்டார்.

"முதல் வாரம் எனக்கு நல்லாத் தெரியும் மாப்ளே," என்றார் மச்சான் மெதுவாக. "மூடினேன், நீ பார்த்தே, எல்லாம் தெரியும். அப்புறம் அஞ்சு பேர் எழுதிட்டாங்க. தங்கச்சியும் சொல்லிட்டா. நான்தான் மூடலையோன்னு ஆயிடுச்சு. கண்ணாடி முன்னாடி நின்னு மூடி மூடிப் பார்ப்பேன். கடைசியில அன்னிக்கு மூடினதா, கண்ணாடியில மூடினதான்னே தெரியாமப் போச்சு."

கழுகுக்கு இது தோன்றவே இல்லை. அட்டை போனது தெரியும், வேலை போனது தெரியும். ஒரு மனிதருக்குத் தன் கையே போகும் என்று இத்தனை நாளில் ஒரு தடவைகூட நினைக்கவில்லை.

"மூடினீங்க மச்சான். கம்பிக்கட்டு சாரத்துக்கு ஒரு ஆள் உயரம் மேல இருக்கும்போதே மூடிட்டீங்க."

"வலது கையா?"

"வலது கை."

"முழுசா?"

"முழுசா. கட்டைவிரல் வெளியில இருந்துச்சு."

மச்சான் பெரிய சட்டையின் கைப்பகுதியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பின்னால் ஒரு வேன்காரர், முன்னால் வரலாமா வேண்டாமா என்று தெரியாமல், ஹாரன் அடிக்க ஆரம்பித்தார். அதற்குப் பின்னாலிருந்த காரும் சேர்ந்துகொண்டது. யாருக்கும் கை காட்டாமல் மச்சான் அங்கிருந்த சிமெண்ட் தடுப்பில் உட்கார்ந்தார்.

"உன்னை அப்புறம் திட்டிக்கறேன். அது ஒரு நாள்ல முடியாது," என்றார். "இப்ப முதல்லேர்ந்து சொல்லு. நான் எங்க நின்னேன்?"

கழுகு அவர் பக்கத்தில் உட்கார்ந்து, ஐந்தாவது மாடியில் அவர் நின்ற இடத்திலிருந்து ஆரம்பித்தார்.